கைவான்: மூடியுள்ள சீனத் தேநீர்க் கிண்ணத்தின் வரலாறு

கைவான் என்பது மூடி, கிண்ணம், தாங்குதட்டு ஆகிய மூன்று பகுதிகளைக் கொண்ட சீனத் தேநீர்க் கலன் ஆகும். சீன மொழியில் 'கை' என்றால் மூடி; 'வான்' என்றால் கிண்ணம். தேயிலையை ஊறவைக்கவும், அதிலிருந்தே நேரடியாகப் பருகவும் இது பயன்படுகிறது. சீனாவில் தேநீர் அருந்தும் வழக்கம் மிகப் பழையது. இக்கலன் அந்த அளவுக்குப் பழையதன்று. தேயிலை தயாரிக்கும் முறை மாறிய பிறகே இதற்கான தேவை எழுந்தது.

அமைப்பு

கிண்ணத்தின் வாய் அகன்றும் அடி குறுகியும் இருக்கும். மூடி, கிண்ணத்தின் வாயைவிடச் சற்றுச் சிறியது. எனவே விளிம்பின் மேல் நில்லாமல் சிறிது உள்ளே இறங்கி அமரும். மூடியைச் சாய்த்தால் ஒரு மெல்லிய இடைவெளி உண்டாகிறது. அது இலைகளைத் தடுத்து நீரை மட்டும் வெளியே விடுவதால் தனி வடிகட்டி தேவையில்லை. சூடான கிண்ணத்தைத் தூக்கத் தட்டு உதவுகிறது. மூடி வானத்தையும், தட்டு நிலத்தையும், இடையிலுள்ள கிண்ணம் மனிதரையும் குறிப்பதாகச் சீனர் கூறுவர்.

தட்டு பற்றிய கதை

மூன்று பகுதிகளில் தட்டுக்கு ஒரு பழங்கதை உண்டு. தாங் காலத்தில், 780களின் தொடக்கத்தில், சிச்சுவான் பகுதியை ஆண்ட சுய் நிங் என்ற படைத்தலைவரின் மகள், தேநீர்க் கிண்ணம் விரலைச் சுட்டதால் அதை ஒரு தட்டில் வைத்தாராம். கிண்ணம் சாயாதிருக்கத் தட்டில் மெழுகால் ஒரு வளையம் அமைத்தார். பின்னர் கைவினைஞர் அவ்வளையத்தை அரக்குப் பூச்சு வேலையால் செய்து தந்தனர். தாங் காலத்து நூலொன்றில் இக்கதை பதிவாகியுள்ளது.

கட்டித் தேயிலையும் இலைத் தேயிலையும்

தாங் காலத்தில் (618–907) தேயிலையை ஆவியில் வேகவைத்து, இடித்து, அச்சிலிட்டுக் கட்டியாக்கினர். அக்கட்டியை வாட்டி, அரைத்து, நீரில் கொதிக்கவைத்தனர். சோங் காலத்தில் (960–1279) தேயிலைத் தூளைக் கிண்ணத்திலிட்டு, வெந்நீர் ஊற்றி, நுரை எழும்படி கடைந்தனர். வெண்ணுரை எடுப்பாகத் தெரிய ஃபூஜியனின் கருநிறக் கிண்ணங்கள் விரும்பப்பட்டன. தூளும் நீரோடு சேர்த்தே பருகப்பட்டதால், இலையைத் தடுக்கும் மூடிக்கு அங்கு வேலை இல்லை.

மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வு பேரரசர் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அரண்மனைக்குக் காணிக்கையாக அனுப்பப்பட்ட கட்டித் தேயிலையைத் தயாரிப்பது மக்களுக்குப் பெரும் உழைப்புச் சுமை எனக் கருதி, 1391இல் அதை நிறுத்தி, இலையாகவே அனுப்ப ஆணையிட்டார். இதன்பின் இலையை வெந்நீரில் ஊறவைக்கும் முறை ஓங்கியது. இலை கலனிலேயே தங்கியதால், அதை ஒதுக்கவும் சூட்டைக் காக்கவும் வழி தேவைப்பட்டது. தேநீர்க் கெண்டியும் மூடிக் கிண்ணமும் இத்தேவைக்கு விடையாயின.

அரண்மனையும் தேநீர் விடுதியும்

சிங் காலத்தில் (1644–1912) கைவான் பரவலாகியது. பேரரசர் சியான்லோங், பிளம் மலர், பைன் விதை முதலியவை கலந்த தேநீரைப் பற்றி 1746இல் எழுதிய கவிதை, அரண்மனை மூடிக் கிண்ணங்களில் பொறிக்கப்பட்டது.

எளிய மக்களிடையே இக்கிண்ணம் வேரூன்றிய இடங்களுள் சிச்சுவானின் செங்டு நகரம் முதன்மையானது. 1909ஆம் ஆண்டளவில் அந்நகரின் 516 தெருக்களில் 454 தேநீர் விடுதிகள் இருந்தன. ஒரு கிண்ணத் தேநீருக்குக் காசு கொடுத்தவர், மீண்டும் மீண்டும் வெந்நீர் பெற்று நெடுநேரம் அமரலாம். அதனால் குறைந்த வருவாய் உள்ளவர்க்கும் நகரத்தில் ஓர் இருக்கை கிடைத்தது. வேலை தேடுவோரும் வணிகம் பேசுவோரும் அங்கே கூடினர். வழக்குகளும் அங்கேயே பேசித் தீர்க்கப்பட்டன. தவறு யாருடையது என முடிவானதோ அவரே தேநீர்ச் செலவை ஏற்பார். மூடியே பரிமாறுபவரிடம் பேசும் மொழியாகவும் இருந்தது. அதைச் சாய்த்து வைத்தால் வெந்நீர் வேண்டும் என்பது பொருள்.

இரு வகைப் பயன்பாடு

செங்டுவில் கைவான் பருகும் கலன். ஃபூஜியன், குவாங்டாங் பகுதிகளிலோ அது ஊறவைக்கும் கலனாகவே பெரிதும் பயன்படுகிறது. சிறு கைவானில் ஊலாங் தேயிலையை நிறைய இட்டு, கொதிநீர் ஊற்றி, சிறிது நேரத்திலேயே சிறு கோப்பைகளில் வடிப்பர். அதே இலையில் பலமுறை நீர் ஊற்றுவர்.

யிசிங் களிமண் கெண்டி நுண்துளை உடையதால் தேநீரின் மணத்தை ஈர்த்துக்கொள்ளும். மெருகிட்ட பீங்கான் அவ்வாறு ஈர்ப்பதில்லை. ஒரு தேயிலையின் குறையும் நிறையும் அதில் மறைவின்றித் தெரியும். இதனாலேயே ஊலாங் தேயிலையின் தரத்தைச் சுவைத்து மதிப்பிடும் சீன முறையில் 110 மில்லிலிட்டர் மூடிக் கிண்ணமும் 5 கிராம் தேயிலையும் அளவாகக் கொள்ளப்படுகின்றன. அரண்மனையும் தேநீர் விடுதியும் பயன்படுத்திய அதே வடிவம் இன்று தேயிலையின் தரத்தை அளக்கும் கருவியாகவும் விளங்குகிறது.