இருமல், ஈயச் சிப்பாய்கள், ஒரு புதையல் தீவு

1. போன வருஷம் என் எக்ஸ்ரேயை நானே மாட்டிப் பார்த்தேன். வலது நுரையீரல்ல, மேல் பக்கம் ஒரு நிழல். சளி டெஸ்ட்டும் பாசிட்டிவ். டிபி. "பயப்படாதீங்க, ஆறு மாசம் மாத்திரை, சரியாயிடும்"னு எத்தனையோ பேருக்குச் சொன்ன ஆள் நான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

2. அந்த லீவுல ஒரு பழைய நோயாளியைப் பற்றிப் படிச்சேன். உங்களுக்கும் சொல்லணும்னு தோணுது. பெயர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். 1850-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். குழந்தையிலிருந்தே நெஞ்சு பலவீனம். படுக்கையும் பொம்மைச் சிப்பாய்களும்தான் அவருக்குத் துணை.

3. 1880-ல் கலிஃபோர்னியாவில் சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார். அதே வருஷம் மே மாதம் ஃபேனி ஆஸ்போர்னைத் திருமணம் செய்துகொண்டார். ஃபேனியின் மகன் லாயிடுக்கு அப்போ 12 வயசு. அந்தக் குளிர்காலத்தைக் கழிக்க அவர்கள் போன ஊர் சுவிட்சர்லாந்தின் டாவோஸ். சுமார் 1,500 மீட்டர் உயரம்.

4. அன்றைய வைத்தியம் என்ன தெரியுமா? மலைக்காற்று, வெயில், நல்ல சாப்பாடு, ஓய்வு. அவ்வளவுதான். எக்ஸ்ரே கிடையாது, அது வந்ததே 1895-ல். டிபிக்கு மருந்தும் கிடையாது. ஸ்டீவன்சனுக்கு வந்தது டிபிதானா என்பதில் இன்னைக்கும் விவாதம் உண்டு. அவரைப் பார்த்த டாக்டர்கள் நுரையீரல் நோய்னு அனுப்பினாங்க. அவரும் போனார்.

5. இடையில் 1881 கோடையில் ஸ்காட்லாந்தின் பிரேமருக்குத் திரும்பினார்கள். விடாத மழை. வெளியே போக வழியில்லை. லாயிடோடு உட்கார்ந்து படம் வரைந்தபோது ஒரு தீவின் வரைபடம் பிறந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கதை எழுத ஆரம்பித்தார். எழுதினதை வீட்டில் சத்தமா வாசிப்பார். கலங்கரை விளக்கம் கட்டும் எஞ்சினியரான அவர் அப்பாகூட சின்னப் பையன் மாதிரி கதைக்கு யோசனை சொன்னார்.

6. சுமார் 15 அத்தியாயம் ஓடியது. பிறகு நின்றுபோச்சு. குளிர்காலத்தில் மறுபடி டாவோஸ் போனதும், தினம் ஒரு அத்தியாயம்னு எழுதி முடித்தார். அதுதான் 'டிரஷர் ஐலண்ட்'. 1883-ல் புத்தகமா வந்தது.

7. அதே குளிர்காலத்தில், வீட்டுக் கூரைக்கடியில் இருந்த அறையில் இன்னொண்ணும் நடந்தது. தரை முழுக்க சாக்பீஸால் மலை, ஆறு, சாலை, ஊர். அதன்மேல் ஈயச் சிப்பாய்களின் படை. ஒரு பக்கம் 31 வயசு நோயாளி, எதிர்ப்பக்கம் 13 வயசுப் பையன். தரையில் படுத்தபடி போர். அந்தப் போருக்கு ஸ்டீவன்சன் பத்திரிகைச் செய்திகூட எழுதினார்! 1898-ல் லாயிட் இதையெல்லாம் ஒரு கட்டுரையா எழுதி வெச்சார். அதனாலதான் நமக்குத் தெரியுது.

8. இப்போ தேதியைக் கவனிங்க. 1882 மார்ச் 24. பெர்லினில் ராபர்ட் காக் எழுந்து நின்று, டிபிக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடிச்சுட்டேன்னு அறிவித்த நாள். அப்போ ஸ்டீவன்சன் டாவோஸில்தான் இருந்தார். அந்தக் கிருமியைக் கொல்லும் முதல் நல்ல மருந்து ஸ்ட்ரெப்டோமைசின் வர 1943 ஆச்சு. அறுபது வருஷம்!

9. இன்னொருத்தர் எச்.ஜி. வெல்ஸ். 1874-ல் ஏழு வயசில் கால் முறிந்து படுத்தார். அப்பா நூலகத்திலிருந்து புத்தகமா கொண்டுவந்து கொடுத்தார். வாசிப்புப் பித்து அங்கே ஆரம்பம்னு அவரே பின்னாளில் எழுதியிருக்கார். 1887-ல் ரத்தம் துப்பினார், டிபின்னாங்க. பிழைத்து, 1913-ல் 'லிட்டில் வார்ஸ்'னு பொம்மைச் சிப்பாய்ப் போருக்கு விதிப்புத்தகம் எழுதினார். இன்றைய போர் விளையாட்டு ரசிகர்கள் கொண்டாடும் புத்தகம் அது.

10. விளையாட்டு நோயைக் குணப்படுத்துச்சா? இல்லைங்க. ஸ்டீவன்சன் 1894-ல் சமோவா தீவில், 44 வயசில் இறந்துட்டார். ஆனா அந்தத் தரைப்படத்தில் போர் பாதியில் நிற்கும்போது, நாளைக்குத் தொடர ஒரு காரணம் இருந்தது. படுத்துக் கிடக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கு இப்போ தெரியும்.

11. முதல் ரெண்டு மாசம் தனி அறையில் புத்தகம்தான். பத்து வருஷமா பாடப் புத்தகம் தவிர எதையும் தொடாதவன், எட்டு நாவல் முடிச்சேன். சளியில் கிருமி இல்லைன்னு ரிசல்ட் வந்த அன்னைக்கு அக்கா பையன் ஓடி வந்து, மொட்டை மாடியில் சாக்பீஸால் தாயக்கட்டம் போட்டான். முதல் ஆட்டத்திலேயே என்னை ரெண்டு தடவை வெட்டினான். "நாளைக்கும் விளையாடலாமா மாமா?"ன்னு கேட்டான். அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன்.

12. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா பக்கத்து அரசு மருத்துவமனையில் சளி டெஸ்ட் எடுங்க. டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீங்க. வீட்டில் யாராவது நீண்ட நாளா படுத்திருந்தா, அவங்களைப் பார்க்கப் போகும்போது ஆப்பிளோட ஒரு கதைப் புத்தகமோ, நாலு சோழியோ எடுத்துட்டுப் போங்க. ஒரு ஆட்டம் பாக்கி வெச்சுட்டு வாங்க.