கிட்டியும் சுயராஜ்யமும்

சுயராஜ்யம் என்றதும் நம்மில் பலருக்குத் திலகர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் அவர் பிறப்பதற்கு முன்பே, 1852-ல், நாம் பிழைக்க வந்த பம்பாயிலும் நாம் விட்டு வந்த சென்னையிலும் ஒரே ஆண்டில் இரண்டு சங்கங்கள் தோன்றின. இங்கே ஜகன்னாத் சங்கர்சேட், தாதாபாய் நௌரோஜி போன்றோர் பங்குகொண்ட பம்பாய் சங்கம். அங்கே வணிகர் காஜுல லட்சுமிநரசு செட்டி முன்னின்ற சென்னைச் சுதேசிகள் சங்கம். 1853-ல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட இருந்தது. அதற்குள் மக்களின் குறைகளைப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எடுத்துவைக்க வேண்டும் என்பதே இரண்டுக்கும் நோக்கம்.

மனுநீதிச் சோழன் வாசலில் மணி அடித்த பசு அரசனின் அறத்தை நம்பியது. 1852-ன் மனுக்களோ உரிமையின் மொழியையும் பேசத் தொடங்கின. இந்த மாற்றத்தில் ஐரோப்பாவின் அறிவொளிச் சிந்தனைக்குப் பங்கு உண்டு. ஆளப்படுவோரின் சம்மதமே ஆட்சிக்கு அடிப்படை என்றார் ஜான் லாக். அதிகாரமெல்லாம் ஒரே கையில் சேர்ந்தால் சுதந்திரம் இருக்காது என்று 1748-ல் எழுதினார் மான்டெஸ்கியூ. ஆங்கிலக் கல்வியோடும் பத்திரிகைகளோடும் இவை நம் நகரங்களுக்கு வந்து சேர்ந்தன.

அதிகாரம் ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும்? புத்தகம் படிக்காத நம்ம ஊர் விவசாயிக்கு அது நன்றாகவே தெரியும். வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீஸ் அதிகாரியும்கூட. வரி பாக்கி என்றால் விரல்களைக் கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’. கழுத்தையும் கால்விரலையும் சேர்த்துக் கட்டிக் குனியவைக்கும் ‘அண்ணாந்தாள்’. 1853-ல் சென்னைக்கு வந்த பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சேமரைச் செட்டியார் மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று மக்களிடமே கேட்கவைத்தார். சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. 1855-ல் வந்த அதன் அறிக்கை கொடுமைகளை உறுதிசெய்தது. வருவாய்த் துறையையும் போலீசையும் பிரிக்கச் சொன்னது. 1859-ல் சென்னைப் போலீஸ் சட்டம் பிறந்தது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ‘சுதந்திரம் பற்றி’ என்ற நூலை 1859-ல் வெளியிட்ட ஜான் ஸ்டூவர்ட் மில், 35 ஆண்டுகள் கம்பெனியில் வேலை பார்த்தவர். ‘பின்தங்கிய’ சமுதாயங்களுக்கு அந்தச் சுதந்திரம் பொருந்தாது என்று அந்த நூலிலேயே விலக்கு வைத்தார். இந்த இரட்டை அளவுகோலைத்தான் நௌரோஜி போன்றோர் கேள்வி கேட்டார்கள். 1906 கல்கத்தா காங்கிரஸில் தலைமை வகித்த நௌரோஜி, சுயராஜ்யமே இலக்கு என்றார்.

அப்போ அந்த ‘சுய’த்தில் யார் யார் சேர்த்தி? சங்கங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் வணிகரும் படித்தவரும். தாமஸ் பெயினின் ‘மனித உரிமைகள்’ நூலைப் படித்த ஜோதிராவ் புலே, 1873-ல் புனேயில் சத்யசோதக் சமாஜத்தைத் தொடங்கி, அதே உரிமைகளைச் சூத்திரருக்கும் தீண்டப்படாதோருக்கும் கேட்டார். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், சாதியை வைத்துக்கொண்டு சுதேசியம் பேசுவதைக் கண்டித்தார்.

தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழரின் வாரிசுகள் இன்று வாக்காளர்கள். அவர்களுடைய வீடு, தெரு, தொழில் பற்றிய முடிவுகள் அவர்களைக் கேட்டே எடுக்கப்பட வேண்டும். லாக் சொன்ன சம்மதத்துக்கு நம் தெருவில் அதுதான் அர்த்தம். நம் இளைஞர்கள் இந்த வரலாற்றையும் படிக்க வேண்டும், வார்டு கூட்டங்களுக்கும் போக வேண்டும்.