சின்னத்தில் இருக்கும் இரண்டு இலைகள்



ஜொகூர் மாநிலச் சின்னத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? இருபுறமும் புலிகள், நடுவில் கேடயம், அதைச் சூழ்ந்து இலையும் கொடியும். நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தின்போது ஒரு மாணவி, "அது என்ன இலை டீச்சர்?" என்று கேட்டாள். ஒன்று மிளகு, மற்றொன்று கம்பிர் என்றேன். மிளகு எல்லாருக்கும் தெரியும். கம்பிரை அறிந்தவர் வகுப்பில் ஒருவரும் இல்லை. என் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் பாக்கோடு கிடந்த துவர்ப்பான பழுப்புக் கட்டியைக் 'கத்தக்காம்பு' என்பார். கம்பிர் என்பதும் அத்தகைய கட்டிதான். ஒரு செடியின் இலையைக் காய்ச்சி எடுப்பது. ஒரு காலத்தில் ஜொகூரின் கருவூலத்தை நிரப்பியது இந்தச் செடியே.

1819-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கியபோதே அங்குச் சுமார் இருபது கம்பிர்த் தோட்டங்கள் இருந்தன. 1830-களில் இங்கிலாந்தில் தோல் பதனிடவும் துணிக்குச் சாயமேற்றவும் கம்பிர் தேவைப்பட, தியோச்சியூ சீனர்கள் தீவின் உட்பகுதிக் காடுகளை அழித்து நூற்றுக்கணக்கான தோட்டங்களை அமைத்தனர். புலிகளின் வாயில் அகப்பட்டு மாண்ட தொழிலாளர் பலர். 'நாளுக்கு ஒருவர்' என்று அக்காலத்தில் பேசிக்கொண்டனர். அது சற்று மிகையாக இருக்கலாம்.

அவர்களின் மண் மேலாண்மைதான் நான் சொல்ல வந்தது. கம்பிரைத் தனியாக எவரும் பயிரிடவில்லை; மிளகையும் சேர்த்தே நட்டனர். மிளகுக்கொடி மண்ணிடம் நிறையக் கேட்கும். எரு இல்லையேல் காய்க்காது. கம்பிரின் இலையையும் இளங்கிளைகளையும் ஆண்டுக்குப் பலமுறை வெட்டி, பெரிய இரும்புக் கொப்பரையில் மணிக்கணக்காகக் கொதிக்க வைப்பார்கள். சாறு சுண்டிக் கட்டியாகும். எஞ்சும் சக்கையை மிளகின் வேரடியில் பரப்புவார்கள். அது மண்ணுக்குப் போர்வையாகவும் எருவாகவும் பயன்படும். ஒரு பங்கு மிளகு நிலத்துக்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு கம்பிர் நிலம் என்பது வழக்கம். அடுப்பெரிக்க விறகு வேண்டுமே! அதற்காகத் தோட்டத்தை ஒட்டி அதே அளவு காடும் தேவைப்பட்டது.

ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு. எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு என்று நான் வியந்து சொல்லிக்கொண்டிருந்தபோது, அதே மாணவி குறுக்கிட்டாள். "அப்படியானால் கம்பிருக்கு யார் டீச்சர் உரம் போட்டது?"

உண்மையில், யாரும் போடவில்லை. பத்துப் பங்கு நிலத்தின் சத்து வெட்டிய இலையாக வெளியேறி, ஒரு பங்கு மிளகுக்கும் கப்பலுக்கும் போய்ச் சேர்ந்தது. நம் மழைக்காட்டு மண்ணைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. இவ்வளவு பெரிய மரங்களை வளர்க்கும் மண் வளமாகத்தானே இருக்கும் என்று நினைக்கிறோம். சத்தில் பெரும்பகுதி மரத்திலும் மேலே கிடக்கும் மெல்லிய மட்கிலுமே இருக்கிறது. காட்டை எரித்தால் சாம்பல் சில ஆண்டுகளுக்கு உதவும். பிறகு மழை கரைத்துக்கொண்டு போய்விடும். களையையும் பிடுங்கி நிலத்தை வெறுமையாக வைத்தால் மேல்மண்ணே ஓடிவிடும்.

ஆகவே பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் சோர்ந்தது, விறகும் தீர்ந்தது. தோட்டக்காரர்கள் அடுத்த காட்டை நோக்கி நகர்ந்தனர். விட்டுச்சென்ற நிலத்தில் லாலாங் புல் மண்டியது. 1883-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர் நத்தானியல் கான்ட்லி காடுகளைப் பற்றி அறிக்கை எழுதியபோது, தீவில் வெட்டப்படாத காடு மிகச் சிறு பகுதியே எஞ்சியிருந்தது.

அவர்கள் நகர்ந்து வந்த இடம் நம் ஜொகூர். தெமெங்கோங் இப்ராஹிம் 1844 முதல் 'சூராட் சுங்கை' என்னும் ஆற்று உரிமைப் பத்திரங்களை வழங்கினார். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு காங்சூ, அதாவது ஆற்றுத் தலைவர். அவர்களுடைய குடியிருப்பே 'காங்கார்'. இன்றைய காங்கார் பூலாய் அப்படி வந்த பெயர்தான். வரியும் குடியேற்றமும் பெருகி மாநிலம் எழுந்தது உண்மை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சிங்கப்பூரில் நடந்ததே ஆற்றுக்கு ஆறு இங்கும் நடந்தது. காங்சூ முறை 1917-இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது.

நம்மவர் கதை இதோடு சேர்வது இங்கேதான். பழைய கம்பிர் நிலங்கள் பலவற்றில் ரப்பர் நட்டார்கள். தோட்டப்புறங்களில் லாலாங்கை வேரோடு தோண்டி எடுத்தவர்களில் தமிழர் ஏராளம். மண்வெட்டி பிடித்த என் பாட்டனாரின் உள்ளங்கையை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், பலகைபோல் இருக்கும். தொடக்கத்தில் ரப்பர்த் துரைமாரும் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்றே வேலை வாங்கினர். மண் அரித்தோடுவதைக் கண்ட பிறகுதான் பியூராரியா, சென்ட்ரோசீமா போன்ற அவரையினக் கொடிகளை மூடுபயிராகப் படரவிட்டார்கள். அவை மண்ணைப் பிடித்துக்கொள்வதோடு காற்றிலுள்ள நைட்ரஜனையும் வேர்முடிச்சுகளில் சேர்த்துத் தருபவை.

இவ்வளவும் சொல்லித்தந்த பிறகு எனக்கு ஒரு கூச்சம் ஏற்பட்டது. எங்கள் பள்ளித் தோட்டத்தில் முதல் ஆண்டு கீரையும் வெண்டையும் செழித்தன. மூன்றாம் ஆண்டில் வெண்டை முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. 'விதை சரியில்லை' என்று கடைக்காரரிடம் குறைபட்டேன். வளாகத்து மரங்களின் இலைகளை நாள்தோறும் கூட்டச்சொல்லி, நெகிழிப் பைகளில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்தவள் நான்தான். பாத்திகளில் ஒரு சருகு கிடந்தாலும் மாணவர்களைக் கடிந்திருக்கிறேன்.

இப்போது இலைகள் வேலியோரக் குழியில் மட்குகின்றன. பாத்திகளுக்கிடையே கச்சான், அதாவது நிலக்கடலை நட்டிருக்கிறோம். வெண்டை இன்னும் இடுப்பளவைத் தாண்டவில்லை.

கம்பிர்ச் செடியை நானே நேரில் பார்த்ததில்லை. உங்களில் எவர் வீட்டிலாவது, தெரிந்தவர் தோட்டத்திலாவது அது இருந்தால் தெரிவியுங்கள். ஒரு கிளை கிடைத்தால் போதும். சின்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டவேண்டும் என்று அந்த மாணவி வாரந்தோறும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறாள்.