நிறுத்தப்பட இருந்த தொடரும் நேயர்களின் கடிதங்களும்

நேற்றிரவு பார்த்த தொடரின் அங்கம் பிடித்திருந்ததா இல்லையா என்பதை இன்றைய நேயர் அடுத்த நிமிடமே கைத்தொலைபேசியில் எழுதிவிடுகிறார். அந்தக் கருத்துக்கு மதிப்பு உண்டா? நிலையத்தில் இருப்பவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்கிறார்களா? இக்கேள்விக்கு 1960-களில் அமெரிக்காவில் ஒரு பதில் கிடைத்தது. அது அஞ்சல்தலை ஒட்டிய கடிதங்களின் வழியாக வந்த பதில்.

1966 செப்டம்பர் 8-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் என்.பி.சி. அலைவரிசையில் 'ஸ்டார் டிரெக்' என்ற அறிவியல் புனைகதைத் தொடர் தொடங்கியது. அதை உருவாக்கியவர் ஜீன் ரோடன்பெர்ரி. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் போலீஸ்காரராக இருந்து எழுத்துத் துறைக்கு வந்தவர் அவர். கதை நடப்பது எண்டர்பிரைஸ் என்ற விண்கலத்தில். வெள்ளையரான தளபதியுடன் கறுப்பினப் பெண் அதிகாரி, ஆசிய வம்சாவளி மாலுமி, வேற்றுக் கிரகத் தந்தைக்கும் பூமித் தாய்க்கும் பிறந்த ஸ்பாக் ஆகியோர் அதில் பயணம் செய்தார்கள். இரண்டாம் பருவத்தில் ரஷ்ய இளைஞர் ஒருவரும் சேர்ந்தார். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

நேயர்களின் மனத்தை நிலையம் தொடக்கத்திலேயே தவறாகக் கணித்தது. ஸ்பாக்கின் கூரிய காதுகளைப் பார்த்து மக்கள் முகம் சுளிப்பார்கள் என்று அஞ்சி, விளம்பரக் கையேட்டுப் படங்களில் அந்தக் காதுகளைச் சாதாரணக் காதுகள்போல் மாற்றி அச்சிட்டார்கள். நடந்தது வேறு. அந்தப் பாத்திரத்தில் நடித்த லியோனர்ட் நிமோய்க்குத்தான் கடிதங்கள் வந்து குவிந்தன.

எழுத்தாளரை மாற்றிய ரசிகர்கள்

அந்த ஆண்டு நவம்பரில், புகழ்பெற்ற அறிவியல் எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 'டிவி கைட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தொலைக்காட்சியில் வரும் அறிவியல் கதைகளின் பிழைகளைக் கிண்டல் செய்த கட்டுரை அது. 'ஸ்டார் டிரெக்'கும் தப்பவில்லை. விண்மீன் மண்டலத்திற்கு வெளியே அரை ஒளியாண்டு தூரத்தில் ஒரு பொருள் இருப்பதாக வந்த வசனத்தை அவர் பிடித்துக்கொண்டார். விண்மீன் மண்டலத்திற்கு வேலி கிடையாது. அதன் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறைவது. அங்கே அரை ஒளியாண்டு என்று அளந்து சொல்வது பொருந்தாது.

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. தொலைக்காட்சியில் நல்ல அறிவியல் கதை வருவதே அபூர்வம், அதையும் நீங்களே குறை சொல்லலாமா என்ற தொனியில் அவருக்கே எழுதினார்கள். அசிமோவ் தொடரை மீண்டும் பார்த்தார், மனம் மாறினார். 1967 ஏப்ரலில் அதே இதழில் ஸ்பாக்கைப் பற்றி வேடிக்கையும் பாராட்டும் கலந்த கட்டுரை எழுதினார். ரோடன்பெர்ரியின் நண்பருமானார். 1979-இல் வெளிவந்த முதல் 'ஸ்டார் டிரெக்' திரைப்படத்திற்கு அறிவியல் ஆலோசகராகவும் இருந்தார்.

இன்னொரு ரசிகர் மார்ட்டின் லூதர் கிங். உஹூரா என்ற தகவல் தொடர்பு அதிகாரியாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸ், முதல் பருவம் முடிந்ததும் விலகி மேடை நாடகத்திற்குத் திரும்ப நினைத்தார். அந்த வேளையில் ஒரு நிகழ்ச்சியில் கிங் அவரைச் சந்தித்தார். தாமும் மனைவியும் தங்கள் பிள்ளைகளை இரவில் விழித்திருந்து பார்க்க அனுமதிக்கும் ஒரே நிகழ்ச்சி இதுதான் என்றும், கறுப்பினத்தவரைச் சமமானவராகக் காட்டும் அந்த இடத்தை விட்டுவிடக் கூடாது என்றும் அவர் கேட்டுக்கொண்டதாக நிக்கோல்ஸ் பின்னாளில் பல முறை கூறியிருக்கிறார். அவர் விலகவில்லை.

கடிதம் எழுதுங்கள்

இவ்வளவு அன்பு இருந்தும் தொடர் தள்ளாடியது. காரணம், நேயர் எண்ணிக்கைக் கணக்கு. நீல்சன் நிறுவனம் தேர்ந்தெடுத்த ஒரு சில வீடுகளில் எந்த அலைவரிசை ஓடுகிறது என்று குறிப்பெடுத்து, நாடு முழுவதற்கும் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கில் 'ஸ்டார் டிரெக்' பின்தங்கியது. எத்தனை வீடுகளில் பெட்டி ஓடியது என்பது அதில் தெரியும். பார்த்தவர் எவ்வளவு ஈடுபாட்டோடு பார்த்தார் என்பது தெரியாது.

1967-இன் இறுதியில், தொடர் நிறுத்தப்படப் போகிறது என்ற செய்தி கசிந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ரசிகர்களான பிஜோ டிரிம்பிளும் அவருடைய கணவர் ஜானும் வேலையில் இறங்கினார்கள். இணையம் இல்லாத காலம். அறிவியல் கதை வாசகர்களின் முகவரிகளைத் திரட்டி, சுற்றறிக்கை அனுப்பினார்கள். ஒவ்வொருவரும் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும், மரியாதையாக எழுத வேண்டும், இன்னும் பத்துப் பேரை எழுதச் சொல்ல வேண்டும் என்று வழி காட்டினார்கள்.

கடிதங்கள் வந்து குவிந்தன. ஏறத்தாழ 116,000 கடிதங்கள் வந்ததாக நிலையத்தின் கணக்கே சொன்னது. 1968 ஜனவரியில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழக மாணவர்கள் பர்பேங்க் நகரிலுள்ள என்.பி.சி. அலுவலகத்திற்கு ஊர்வலமாகச் சென்றார்கள். மார்ச் 1-ஆம் தேதி, அன்றைய அங்கம் முடிந்ததும் தொடர் தொடரும் என்று நிலையம் திரையிலேயே அறிவித்தது.

வெற்றிதானா?

கதை இங்கே முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக் கதை. ஆனால் மூன்றாம் பருவம் ரசிகர்களுக்குப் பெரிய ஏமாற்றமாக அமைந்தது. நிலையம் தொடரை வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளியது. தொடரின் முக்கிய ரசிகர்களான இளைஞர்கள் வீட்டிலேயே இருக்காத நேரம் அது. செலவைக் குறைத்தார்கள். ரோடன்பெர்ரி அன்றாடத் தயாரிப்புப் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். 1968 செப்டம்பர் 20-இல் வந்த முதல் அங்கத்தில், ஸ்பாக்கின் மூளையையே ஒருவர் களவாடிச் செல்ல, நண்பர்கள் அதைத் தேடி அலைகிறார்கள்! ரசிகர்கள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கும் அங்கம் அது. இதற்காகவா விழுந்து விழுந்து கடிதம் எழுதினோம் என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

1969 ஜூன் 3-ஆம் தேதி கடைசி அங்கம் ஒளியேறியது. ஏழு வாரங்களுக்குள், ஜூலை 20-ஆம் தேதி, மனிதன் உண்மையாகவே நிலவில் இறங்கினான்.

அப்படியானால் கடிதங்கள் வீணா? சற்றுக் கூட்டிப் பார்க்க வேண்டும். முதல் பருவத்தில் 29 அங்கங்கள், இரண்டாவதில் 26. ஆக மொத்தம் 55. மூன்றாம் பருவம் தந்த 24-ஐயும் சேர்த்தால் 79. உள்ளூர் நிலையங்கள் ஒரு தொடரை வாங்கி நாள்தோறும் மறுஒளிபரப்புச் செய்ய வேண்டுமானால் கையில் போதிய அங்கங்கள் இருக்க வேண்டும். 55 அங்கங்கள் மூன்று மாதத்திற்குள் தீர்ந்துவிடும். 79 இருந்ததால் நிலையங்கள் துணிந்து வாங்கின. 1970-களில் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தொடர் உண்மையில் புகழ் பெற்றது அது நின்றுபோன பிறகுதான். சிரிப்புக்கு இடமான அந்த மூன்றாம் பருவமே தொடரைக் காப்பாற்றியது.

1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த ரசிகர் மாநாட்டிற்குச் சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். சுமார் 3,000 பேர் திரண்டார்கள். 1976-இல் நாசாவின் முதல் விண்வெளி ஓடத்திற்கு 'கான்ஸ்டிடியூஷன்' என்று பெயரிட இருந்தபோது, ரசிகர்கள் மறுபடியும் பேனாவை எடுத்தார்கள். அதிபர் ஃபோர்டின் காலத்தில் அந்த ஓடத்திற்கு 'எண்டர்பிரைஸ்' என்றே பெயர் சூட்டப்பட்டது.

விலகாமல் இருந்த நிக்கோல்ஸ், 1977-இல் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளி வீரர் தேர்வுக்கு விண்ணப்பிக்க அழைக்கும் நாசாவின் பிரசாரத்தில் பங்கேற்றார். மறு ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட 35 பேரில் ஆறு பேர் பெண்கள். சிறுமியாக இருந்தபோது உஹூராவைத் திரையில் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன், 1992-இல் விண்வெளிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணியானார். மறு ஆண்டு 'ஸ்டார் டிரெக்'கின் அடுத்த தலைமுறைத் தொடரில் ஓர் அங்கத்தில் நடிக்கவும் செய்தார்.

1968-இல் கடிதம் எழுதியவர்கள் கேட்டது நல்ல மூன்றாம் பருவம். அது கிடைக்கவில்லை. அவர்கள் கேட்காத பலவும் கிடைத்தன. பிடித்ததைப் பிடித்தது என்றும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் சொந்த வார்த்தையில், மரியாதையோடு எழுதும் நேயரின் சொல் எங்கே போய்ச் சேரும் என்பதை எழுதும் அன்றே யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எழுதாத கடிதம் எங்கும் போய்ச் சேராது.