வரியும் புள்ளியும்: நெரைட் நத்தைகளை இனம் பிரித்த வரலாறு

ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகங்களில் வாழும் நெரைட் நத்தைகளின் சிறிய ஓடுகள் கறுப்பு வரி, மஞ்சள் பட்டை, வெண்புள்ளி, வலைப்பின்னல் என எண்ணற்ற கோலங்களைத் தாங்கியிருப்பதால், அவற்றை இனம் பிரிக்க முற்பட்ட இயற்கையியலாளர்கள் நெடுங்காலம் அந்தக் கோலங்களையே பெரிதும் நம்பினர். 1758இல் லின்னேயஸ் இவற்றை ‘நெரிட்டா’ என்னும் பேரினத்தில் அடக்கினார். 1816இல் லமார்க் ‘நெரிட்டினா’ என்னும் மற்றொரு பேரினத்தை வகுத்தார். அதன்பின் கப்பல் பயணங்கள் கொண்டுவந்து குவித்த ஓடுகளுக்கெல்லாம் பெயர்கள் பெருகின. 1824இல் ‘கொக்கீல்’ என்ற பிரெஞ்சுக் கப்பலில், அன்று ஊவாலான் எனப்பட்ட கொஸ்ரே தீவுக்குச் சென்ற லெஸ்ஸோன், அத்தீவின் பெயரால் ஊவாலானியென்ஸ் என்னும் இனத்தை 1831இல் விவரித்தார். 1836இல் சவர்பி சூட்டிய ஒரு பெயர் சோழமண்டலக் கடற்கரையை, அதாவது கோரமண்டலை, நினைவூட்டுகிறது. உடலை நீக்கி ஓட்டை மட்டும் பேழையில் வைத்து ஆராய்ந்த அக்காலத்தில், ஒரே இனத்தின் இரு கோலங்கள் இரு பெயர்கள் பெறுவது எளிதாக நேர்ந்தது. பெர்லினைச் சேர்ந்த மார்ட்டென்ஸ் 1879இல் நிறைவுசெய்த நெரிட்டினா பற்றிய பெருநூல், இப்பெயர்க் குவியலை ஒழுங்குபடுத்த எடுக்கப்பட்ட அரிய முயற்சியாகும்.

ஓட்டைச் சுரக்கும் சதைமடிப்பின் விளிம்பில், ஓடு வளரும்போதே நிறமும் படிவதால், நத்தை வாழ்ந்த சூழலின் மாற்றங்கள் கோலத்திலும் பதியக்கூடும். ஐரோப்பிய ஆறுகளிலும் பால்டிக் கடலின் உவர்நீரிலும் வாழும் தியோடாக்ஸஸ் ஃப்ளூவியாட்டிலிஸ் என்னும் நெரைட் நத்தையை ஆராய்ந்த நொய்மன், நீரின் உப்புச் சேர்மானம் போன்ற சூழற்காரணிகள் கோலத்தை மாற்றவல்லவை என்பதை 1959இல் எடுத்துக்காட்டினார். எலிகளின் மரபியலில் புகழ்பெற்ற லண்டன் பேராசிரியர் ஹன்ஸ் க்ரூனெபெர்க், தம் முதுமையில் லெஸ்ஸோனின் அதே ஊவாலானியென்ஸ் இனத்தை எடுத்துக்கொண்டு, ஒரே கூட்டத்திற்குள் காணப்படும் வியப்பூட்டும் கோல வேறுபாடுகளை வகைப்படுத்தி 1976இல் விரிவான ஆய்வை வெளியிட்டார். ஓர் இனம் எவ்வளவு தூரம் மாறுபடலாம் என்பதை இத்தகைய பொறுமையான பணியே உணர்த்தியது.

கோலத்தை மட்டும் நம்ப இயலாததால், இவ்வாய்வுகளுக்கு முன்பே அறிஞர்களின் கவனம் மறைவான உறுப்புகளுக்கும் சென்றிருந்தது. ஓட்டின் வாயை அடைக்கும் சுண்ணாம்பு மூடியின் உட்புறத்தில் உள்ள முளைகளும், பாசியைச் சுரண்டி உண்ண உதவும் அரம் போன்ற நாக்கின் பல்வரிசையும் வலுவான சான்றுகளாயின. அப்பல்வரிசையைக் கொண்டு பேக்கர் 1923இல் இக்குடும்பத்தின் பேரினங்களை மறுஆய்வு செய்தார். இன்று மரபணு ஒப்பீடும் இவற்றோடு சேர்ந்துள்ளது. ஆயினும் மீன்தொட்டி வணிகத்தில் ‘வரிக்குதிரை’, ‘புலி’ என்ற கோலப் பெயர்களே நிலைத்திருப்பதால், வாங்கிய நத்தையின் இனத்தை அறிய விரும்புபவர், அது பிடிக்கப்பட்ட கழிமுகத்தைக் கேட்டறிந்தும் நத்தையின் மூடியைப் பார்த்துமே முடிவுக்கு வர வேண்டியுள்ளது.