வட்டுக்கோட்டைத் திட்டமும் நமது கருத்தரங்குகளும்

பல்கலைக்கழக மாணவருள் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கெனப் பல துறைகளை இணைத்த கருத்தரங்கு ஒன்றை அமைக்க வேண்டும் என்னும் கருத்து, 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின்னர் நமது கல்லூரிகளில் வலுப்பெற்று வருகிறது. இதனை அண்மைக்காலப் புதுமை என எண்ணுவோர் பலர். ஆயினும், தமிழ் மாணவருக்கென இத்தகைய திட்டம் ஒன்று 1823 ஆம் ஆண்டிலேயே அச்சில் வெளிவந்தது. அது எங்குப் பலன் தந்தது, எதனால் முடிவுற்றது என்பனவற்றை ஆராய்வது, விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் போன்ற ஒன்றியங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவருக்காகப் பாடத்திட்டம் வகுப்போர்க்குப் பயன்படும் என நம்புகிறோம்.

அமெரிக்க மிஷனெரிமார் 1816 இல் யாழ்ப்பாணத்தில் தம் பணியைத் தொடங்கினர். ஊர்ப் பாடசாலைகளிலும் விடுதிப் பள்ளிகளிலும் தேறிய இளைஞரை மேலும் உயர்த்துதற்கு வழி யாது என்னும் வினா விரைவில் எழுந்தது. அதற்கு விடையாகவே, தமிழருக்கும் பிறருக்கும் ஒரு கல்லூரி அமைக்கும் திட்டத்தை 1823 இல் வெளியிட்டனர். ஆங்கிலம், தமிழ் இலக்கியம், சிலருக்கு வடமொழி, மிகச் சிலருக்கு எபிரேயமும் கிரேக்கமும் இலத்தீனும், இவற்றோடு கணிதம், வரலாறு, இயற்கைத் தத்துவம், வானியல் ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன. கல்லூரிக்குரிய பட்டயத்தை ஆங்கிலேய அரசு வழங்கவில்லை. எனவே அந்நிறுவனம் வட்டுக்கோட்டை செமினரி என்னும் பெயராலேயே நிலைபெற்றது. அருட்டிரு டானியேல் பூவர் அதன் முதல் தலைவர் ஆவார்.

பாடங்களை வரிசையாக எழுதிவிடுவதால் மட்டும் துறைகள் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. காலையில் தமிழும் மாலையில் கணிதமும் கற்கும் மாணவன் இரண்டையும் தனித்தனி அறைகளிலேயே விட்டுச் செல்லக் கூடும். வட்டுக்கோட்டையில் அவற்றைச் சந்திக்க வைத்தது வானம். 1829 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் குறித்து, அவ்வூரில் பஞ்சாங்கம் கணித்து வந்த விசுவநாத சாஸ்திரியாரின் கணக்கும் பூவரின் கணக்கும் வேறுபட்டன. கிரகணம் பூவரின் கணக்கை ஒட்டியே நிகழ்ந்தது. எந்தக் கணக்கு எங்கே பிழைபட்டது என அறிய விரும்பிய மாணவனுக்குக் கணிதம் மட்டும் போதாது; பஞ்சாங்க மரபும், அது எழுதப்பட்ட மொழியும், மக்கள் வாழ்வில் அதற்குள்ள இடமும் தெரிந்திருத்தல் வேண்டும்.

ஆனால் அன்றைய நோக்கம் வாதில் வெல்வதே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பூவர் அந்நிகழ்ச்சியைப் புராண உலகக் கொள்கையை மறுக்கும் கருவியாகவே கையாண்டார். அவருக்குப் பின் தலைமையேற்ற அருட்டிரு ஹென்றி ஹொய்சிங்டன் காலத்தில் அணுகுமுறை மாறுவதைக் காண்கிறோம். அவர் இந்திய வானியல் முறையை விளக்கும் நூலைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் 1848 இல் வெளியிட்டார். சிவஞானபோதத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். மறுப்பதற்காகக் கற்கத் தொடங்கிய மரபு, அறிந்துகொள்வதற்காகக் கற்கும் மரபாக வளர்ந்தது எனலாம்.

அதன் கனிகளும் வெளிப்பட்டன. 1841 இல் தோன்றிய உதயதாரகை இதழின் ஆசிரியர் இருவரும் செமினரியின் மாணவரே. கறோல் விசுவநாதபிள்ளை 1855 இல் வீசகணிதத்தைத் தமிழில் எழுதி வெளியிட்டார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர். தாமோதரம்பிள்ளையே பின்னர் 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். கணிதம் ஒருவர்க்குத் தமிழாயிற்று; மற்றவர்க்குப் பல்துறைப் பயிற்சி பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கும் பொறுமையாயிற்று.

இருந்தும், வீசகணிதம் வெளிவந்த அதே 1855 ஆம் ஆண்டில் செமினரி மூடப்பட்டது. அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் அவ்வாண்டு நேரில் வந்து நிலைமையை ஆராய்ந்தார். ஆங்கிலக் கல்வி இளைஞரை அரசுப் பதவிகளுக்கு ஈர்க்கிறது. செலவுக்கேற்பத் திருச்சபைக்கு ஊழியர் கிடைக்கவில்லை என்பன காரணங்களாயின. அக்கவலை பொருளற்றதன்று. எனினும், அறிவை இணைப்பதற்கென நட்ட மரத்தை வேறு கனி கேட்டு அளந்தனர் என்றே நாம் கருதுகிறோம். 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையிலேயே எழுவதற்கு உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் முயற்சி வேண்டியிருந்தது.

இவ்வரலாற்றிலிருந்து திட்டம் வகுப்போர்க்கு மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம். முதலாவது, கருத்தரங்கு துறைகளின் பெயர்களிலிருந்து தொடங்காமல், மாணவர் கண்முன் நிற்கும் ஒரு பொருளிலிருந்து தொடங்க வேண்டும். வட்டுக்கோட்டைக்கு வானம் எதுவோ, பீங்கான் தொழில் வேரூன்றிய விருத்தாசல வட்டாரத்துக்கு மண் அதுவாகலாம். களிமண்ணின் தன்மையை மண்ணியலும், சூளையில் அது அடையும் மாற்றத்தை வேதியியலும், குயவரின் கலைச்சொற்களைத் தமிழும், முதுமக்கள் தாழியை வரலாறும், தொழிலாளரின் கூலியையும் உடல்நலத்தையும் பொருளியலும் மருத்துவமும் விளக்கும். இரண்டாவது, இரு துறை ஆசிரியர் ஒரே வகுப்பில் ஒருங்கே அமர்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் வினவ வேண்டும். சூளையில் வேலை செய்தவரும் அங்கு ஆசிரியராக அழைக்கப்பட வேண்டும். மாணவர் தம் ஆய்வைத் தமிழில் எழுதுதல் வேண்டும். அதனால் அது அவ்வூராரும் படிக்கத்தக்கதாகும். மூன்றாவது, இதன் பயன் எதனால் அளக்கப்படும் என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுத்தில் வைத்தல் நன்று. வேலை பெற்றோர் எத்தனை பேர் என்னும் ஒரே கேள்வி சில ஆண்டுகளில் வரும். அதற்கு அப்பாலும் அளவுகோல் உண்டு என்பதை முன்னரே உடன்பட்டு வைக்காத திட்டம், 1855 ஆம் ஆண்டின் முடிவை மீண்டும் சந்திக்க நேரிடும்.