எழுத்துத் தொடர்பாடல் திறன் (அறிவியல் பட்டதாரிகள்)

எழுத்துத் தொடர்பாடல் திறன் என்பது, ஒருவர் தாம் அறிந்ததைப் படிப்பவர் ஐயமின்றிப் புரிந்துகொண்டு செயற்படும் வகையில் எழுதும் ஆற்றல் ஆகும். பணியமர்த்துவோர் அறிவியல் பட்டதாரிகளிடம் பாட அறிவுடன் இத்திறனையும் எதிர்பார்க்கின்றனர். ஒரு சோதனையின் முடிவை முதலில் அறிபவர் ஆய்வாளர்; அதைக்கொண்டு முடிவெடுப்பவர் பெரும்பாலும் வேறொருவர். இவ்விருவரையும் இணைப்பது எழுத்தாகும்.

எழுத்து வகைகள்

* ஆய்வுகூடக் குறிப்பேடு: செய்முறையும் அளவீடுகளும் அன்றன்றே நாளிட்டுப் பதியப்படும். பிழைகள் அழிக்கப்படுவதில்லை, ஒற்றைக் கோட்டால் அடித்துத் திருத்தப்பட்டுக் கையொப்பம் இடப்படும்.
* செயல்முறை ஆவணம்: எழுதியவர் உடனில்லாதபோதும் மற்றொருவர் அதே பணியை அதே முறையில் செய்ய உதவுவது.
* தொழில்நுட்ப அறிக்கை: பொதுவாகச் சுருக்கம், அறிமுகம், முறை, முடிவுகள், கலந்துரையாடல் என்னும் பகுதிகளைக் கொண்டது.
* பணிக்குறிப்பு, மின்னஞ்சல்: முதன்மையான செய்தி தொடக்கத்திலேயே இடம்பெறுவது நன்று.

எதிர்பார்க்கப்படும் பண்புகள்

அளவுகளை அலகுடன் தருதல், கண்டறிந்ததையும் ஊகித்ததையும் பிரித்துக் காட்டுதல், முடிவின் உறுதியின்மையை மறைக்காது கூறுதல், படிப்பவரின் பின்னணிக்கு ஏற்பக் கலைச்சொற்களைக் கையாளுதல் ஆகியன முதன்மையானவை.

எடுத்துக்காட்டு: கொலம்பியா விண்ணோடம்

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டபோது, வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு அதன் இடது இறக்கையைத் தாக்கியது. விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருந்தபோதே பொறியாளர்கள் இத்தாக்கத்தை ஆராய்ந்து, முடிவுகளைப் பவர்பாயிண்ட் படவில்லைகளாக நாசா மேலாளர்களுக்கு அளித்தனர். ஒரு படவில்லையின் தலைப்பு, முந்தைய சோதனைத் தரவுகள் நம்பிக்கையளிப்பதாகப் பொருள்பட அமைந்திருந்தது. மோதிய துண்டின் கனவளவு ஏறத்தாழ 1920 கன அங்குலம், சோதிக்கப்பட்டதோ 3 கன அங்குலம் என்னும் செய்தி அதன் அடியில் இடம்பெற்றிருந்தது. வேறுபாடு 640 மடங்காகும்.

பிப்ரவரி 1 அன்று புவி வளிமண்டலத்துள் மீள நுழைகையில் விண்ணோடம் சிதைந்தது. கல்பனா சாவ்லா உட்பட எழுவர் உயிரிழந்தனர். விபத்தின் நேரடிக் காரணம் இறக்கையில் ஏற்பட்ட சேதமே. எனினும், அப்படவில்லையைப் படிக்கும் மேலாளர் ஒருவர் உயிராபத்தை உணராதிருக்கக்கூடும் என்று விசாரணைக் குழு 2003 ஆகத்தில் வெளியிட்ட அறிக்கையில் குறிப்பிட்டது. தொழில்நுட்பக் கட்டுரைகளுக்கு மாற்றாகப் படவில்லைகளைப் பயன்படுத்தும் வழக்கத்தையும் அது குறைகூறியது.

பொறியாளர்கள் அறிந்திருந்த அளவு படவில்லையில் இருந்தது. ஆனால் படிப்பவர் முதலில் காணவேண்டிய இடத்தில் இருக்கவில்லை.